முந்நீர் கடக்கும் உடன்போக்கு

பொருள் தேடித் தலைவன் பிரிவதும், அப்பிரிவைப் பொறாது தலைவி வாடுவதும் நம் பழைய அகப்பாட்டுகளில் பாலைத்திணைக்கு உரியவை. பள்ளியில் தமிழ் பயின்ற எவரும் இதனை அறிவர். அதே பாலையில் மற்றொரு துறையும் உண்டு. தான் தேர்ந்த துணைவனோடு, பெற்றோரும் அறியாது, காட்டு வழியே ஊரைவிட்டு நடந்துவிடும் பெண்ணைப் பாடும் துறை அது. உடன்போக்கு என்று அதற்குப் பெயரிட்டனர். மகள் போன வழியிலே செவிலித்தாய் தேடிச் செல்வாள். எதிரே வருவோரை நிறுத்தி, இப்படி இருவரைக் கண்டீர்களா என்று கேட்பாள்.

இத்துணை இடம் கொடுத்த இலக்கணமே ஓரிடத்தில் கதவை அடைக்கிறது. கடல்வழிச் செலவில் பெண்ணை உடனழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை என்று பொதுவாகப் பொருள் கொள்ளப்படும் நூற்பா ஒன்று தொல்காப்பிய அகத்திணையியலில் இருக்கிறது. நிலத்தைக் கடக்கலாம், நீரைக் கடக்கலாகாது என்பது அக்காலத்து ஒழுங்கு போலும்.

அந்த ஒழுங்கை இன்று வன்னிப் பெருநிலப்பரப்பின் பெண்கள் சத்தமின்றி மீறிக்கொண்டிருக்கிறார்கள். கிளிநொச்சியிலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் வவுனியாவிலிருந்தும் கனடாவுக்கும் பிரித்தானியாவுக்கும் ஜேர்மனிக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் அவர்கள் போகிறார்கள். பெரும்பாலும் கணவன் அழைக்க மனைவி போகிறாள். சில குடும்பங்களில் மனைவி அழைக்கக் கணவன் போகிறான். இதற்கு நம்மவர் வழக்கில் அமைந்துவிட்ட சொல் 'ஸ்பொன்சர்'. ஆங்கிலம் அறியாத பாட்டியும், "பேத்திக்கு ஸ்பொன்சர் அலுவல் நடக்குது" என்று அயலவருக்குச் சொல்கிறாள்.

அச்சொல்லின் பொருள் பொறுப்பேற்பவர் என்பதாகும். ஒரு நாட்டில் குடியுரிமையோ நிரந்தர வதிவிட உரிமையோ பெற்ற ஒருவர், 'இவர் என் வாழ்க்கைத் துணை. இவருக்கு நான் பொறுப்பு' என்று அந்நாட்டு அரசுக்கு எழுதிக் கொடுப்பதே ஸ்பொன்சர். கேட்பதற்கு எளிய காரியந்தான். ஆனால் பழைய உடன்போக்கையும் இந்தப் புதிய உடன்போக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது ஒரு வேறுபாடு நெஞ்சை உறுத்துகிறது. அன்று புறப்படுவது தலைவியின் துணிவு. இன்று அவளுடைய பயணத்தைத் தீர்மானிப்பவை தலைவனின் சம்பளச் சீட்டும், அவனது வதிவிட அட்டையும், அவள் ஒருநாளும் கண்டிராத ஓர் அலுவலகத்தின் கோப்பும். அந்தக் கோப்பைப் பற்றியும், அதனிடையே அவளுடைய துணிவு என்னவாகிறது என்பதைப் பற்றியும் சிறிது பேசுவோம்.

பெயரில்லாத் தலைவி

அகத்திணையில் ஒருவருடைய பெயரைச் சுட்டிச் சொல்லலாகாது என்பது மரபு. நாமும் பெயர் சொல்லாமலே ஒரு பெண்ணை எண்ணிக்கொள்வோம். கிளிநொச்சியில் ஒரு சிறு வீடு. முற்றத்தில் ஒரு வேம்பு. நல்லூர்த் திருவிழாவுக்கென விடுமுறையில் வந்த மாப்பிள்ளை தாலி கட்டி, மூன்று கிழமை உடனிருந்து, திரும்பிப் போய்விட்டான். அவள் கையில் எஞ்சியவை ஒரு கைத்தொலைபேசியும் ஒரு கோப்புறையுமே.

அகப்பாட்டின் தலைவிக்குப் பெயரே வேண்டியதில்லை. இந்தத் தலைவிக்கோ பெயரே பெருந்தொல்லை. பிறப்புச் சான்றிதழில் தமிழில் எழுதிய பெயர் அடையாள அட்டையில் ஒரு விதமாகவும், கடவுச்சீட்டில் வேறொரு விதமாகவும் ஆங்கில எழுத்துப் பெற்றிருக்கும். தந்தையின் பெயரை முன்னெழுத்தாகக் கொண்ட நம் வழக்கத்துக்குள், குடும்பப்பெயரைக் கேட்கும் படிவம் நுழைந்து குழப்பம் விளைக்கும். ஓரெழுத்து மாறினாலும், இருவரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி முடிக்க வேண்டும். விவாகப் பதிவுச் சான்றிதழ், அதன் மொழிபெயர்ப்பு, பொலிஸ் நற்சான்றிதழ், மருத்துவப் பரிசோதனை என்று பட்டியல் நீளும். கடவுச்சீட்டுக்கு வவுனியாவிலேயே திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் இருப்பது ஓர் ஆறுதல். மற்றவற்றுள் பலவற்றுக்குக் கொழும்புக்கு இரவு பஸ் ஏறவேண்டும்.

எரிந்த பத்திரங்களின் மண்

இந்தப் பட்டியல் எந்த ஊர்ப் பெண்ணுக்கும் பொதுவானது என்று சிலர் சொல்லலாம். பொதுவானதே. ஆனால் பத்திரம் கேட்கப்படும் மண் எது என்பதையும் பார்க்க வேண்டாமா?

2008ஆம் ஆண்டு முழுவதும் வன்னி மக்கள் மேற்கிலிருந்து கிழக்கே நகர்ந்தார்கள். 2009 ஜனவரி 2ஆம் நாள் கிளிநொச்சி இராணுவத்தின் கையில் வீழ்ந்தது. அம்மாத இறுதிக்குள் முல்லைத்தீவு நகரும் வீழ்ந்தது. மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தபோது, இரண்டரை இலட்சத்துக்கும் அதிகமானோர் முகாம்களுக்குள் இருந்தனர். அவர்களுள் மிகப் பெருந்தொகையினர் அடைபட்டிருந்தது வவுனியா மாவட்டத்துச் செட்டிகுளத்தின் மெனிக் பாம் முகாமில். 2012 செப்டெம்பரிலேயே அது முற்றாக மூடப்பட்டது. உடுத்த உடையோடு வந்தவர்களின் பெட்டிகள் பதுங்குகுழிகளிலும் கடற்கரை மணலிலும் கிடந்தன. பிறப்புச் சான்றிதழும் காணி உறுதியும் திருமணப் படங்களும் அவற்றோடு போயின. பின்னர் நடமாடும் சேவைகள் மூலம் பலருக்குப் பிரதிகள் கிடைத்தன. ஆனால் திருமணப் படத்துக்குப் பிரதி கொடுக்கும் திணைக்களம் எங்கே இருக்கிறது?

இன்னொன்றும் உண்டு. போரின் கடைசி ஆண்டுகளில், கட்டாய ஆட்சேர்ப்புக்கு அஞ்சிப் பிள்ளைகளை அவசரமாக மணமுடித்து வைத்த பெற்றோர் பலர். மஞ்சட் கயிற்றில் முடிந்த அத்திருமணங்களுள் பல பதிவாகவில்லை. சில, சட்டம் ஏற்கும் வயதுக்கு முன்பே நடந்தவை. 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம், வழக்காற்றின்படி நடந்த மணத்தைப் பதிவில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒதுக்குவதில்லை. இலங்கை நீதிமன்றங்களும் அத்தகைய மணங்களை ஏற்றதுண்டு. 1995ஆம் ஆண்டின் திருத்தம் மணவயதைப் பதினெட்டாக்கியது. எனினும் கடல் கடந்த நாட்டின் அதிகாரிக்கு ஊர் சாட்சி போதாது. அவர் கேட்பது சான்றிதழ். அந்தச் சமயத்தில் மணந்து, பின்னர் கணவனைக் கப்பலேற்றிவிட்ட பெண், தன் மணம் மணந்தான் என்பதை முதலில் சொந்த நாட்டிலேயே நிறுவ வேண்டியவளானாள்.

கடதாசியொன்று குடும்பத்தைப் பிரிப்பதை இந்த மண் இதற்கு முன்னும் பார்த்திருக்கிறது. 1964 ஒக்டோபரில் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. நாடற்றவர் என்று கணக்கிடப்பட்ட 9,75,000 மலையகத் தமிழருள் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேர் இலங்கைக்கு என்றும், எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் முடிவாக என்றும் அது பங்கிட்டது. அண்ணன் இங்கே, தங்கை அங்கே என்று குடும்பங்கள் பிளந்தன. அவர்களை ஏற்றிச் சென்ற புகையிரதத்தை மக்கள் 'அழுகைக் கோச்சி' என்றனர். தலைமன்னாருக்குப் போகும் அந்தப் பாதையில் செட்டிகுளமும் ஒரு நிலையம். மலையகத்தில் வன்செயலுக்கு அஞ்சி வன்னிக்கு வந்து குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஸ்பொன்சர் படிவம் நிரப்பும்போது, அதே கடதாசியின் அதிகாரத்தை மூன்றாம் தலைமுறையாகச் சந்திக்கிறார்கள்.

நாட்டுக்கு ஒரு நியாயம்

போரின்பின் வன்னி ஆண்கள் பலர் முதலில் தனியே போனார்கள். 2010 ஓகஸ்டில் 'சன் சீ' என்ற கப்பல் 492 பேருடன் கனடாவின் மேற்குக் கரையை அடைந்தது. அதில் வந்தோரிற் பெரும்பாலோர் ஆண்கள். அக்காலத்தில் படகேறி அவுஸ்திரேலியா சென்றவர்களும் பலர். கணவன் எந்தக் கரையில் இறங்கினானோ அந்தக் கரையின் சட்டமே மனைவியின் காத்திருப்புக்கு அளவாயிற்று.

அவுஸ்திரேலியாவைப் பாருங்கள். படகில் வந்து அகதி என்று ஏற்கப்பட்டவர்களுக்கும் அங்கே தற்காலிகப் பாதுகாப்பு விசாவே வழங்கப்பட்டது. அதை வைத்திருப்பவர் மனைவி மக்களை அழைக்க முடியாது. 2023 பெப்ரவரியில்தான் சுமார் 19,000 தற்காலிக விசாக்காரர் நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்கலாம் என்று அந்நாட்டு அரசு அறிவித்தது. அதற்குள் பத்தாண்டுகள் கழிந்துவிட்டன. தந்தையின் முகத்தைத் தொலைபேசிக் கண்ணாடியில் மாத்திரம் கண்டு வளர்ந்த பிள்ளைகள் பள்ளியில் மேல்வகுப்புக்கு வந்துவிட்டார்கள்.

பிரித்தானியா பணத்தைக் கொண்டு அளந்தது. 2012 ஜூலையில், துணையை அழைப்பவர் ஆண்டுக்கு 18,600 பவுண் உழைக்க வேண்டும் என்று விதித்தது. 2024 ஏப்ரலில் அதை 29,000 ஆக்கியது. கடையிலும் எரிபொருள் நிலையத்திலும் வேலை செய்யும் ஒருவன் இந்த எல்லையைத் தொட இரண்டு வேலை செய்கிறான். மனைவியோடு வாழ்வதற்குத் தகுதி பெறவே மனைவியோடு தொலைபேசியில் பேசவும் நேரமில்லாதவனாகிறான்.

ஜேர்மனி மொழியைக் கொண்டு அளந்தது. 2007 ஓகஸ்ட் முதல், வரவிருக்கும் துணை அடிப்படை ஜேர்மன் மொழித் தேர்வில் தேறிக் காட்ட வேண்டும். கொழும்பில் அறை எடுத்துத் தங்கி, கேத்தே நிறுவனத்தின் தேர்வுக்கென அம்மொழியின் முப்பாலையும் மனனஞ் செய்யும் வன்னிப் பெண்ணுக்கு, உயர்திணை அஃறிணை படித்த பழைய வகுப்பு நினைவு வரக்கூடும். டென்மார்க் வயதைக் கொண்டு அளந்தது: இருவருக்கும் 24 வயது நிரம்ப வேண்டுமென்று 2002இல் விதித்தது.

கனடா, மனைவியையோ கணவனையோ அழைப்பவருக்குப் பொதுவாக வருமான எல்லை வைப்பதில்லை. ஆனால் துணையின் அடிப்படைத் தேவைகளுக்கு மூன்றாண்டுகள் தானே பொறுப்பென்று கையொப்பம் வாங்குகிறது. இடையில் மணமுறிவு நேர்ந்தாலும் அந்தப் பொறுப்பு நீங்காது. 2015 ஜூன் முதல், மணமக்களில் ஒருவர் நேரில் இல்லாமல் தொலைபேசியிலோ பதிலாள் வைத்தோ நடத்திய திருமணத்தை அது குடிவரவுக்கு ஏற்பதில்லை. அகதியாகப் போனவர் தம் நிரந்தர வதிவிட விண்ணப்பத்தில் மனைவியின் பெயரைக் குறிப்பிடாது மறைத்தால், பின்னர் அவளை அழைப்பது பெரும்பாடாகும்.

மெய்யான மணம் எது?

எல்லா நாடுகளும் கேட்கும் பொதுக் கேள்வி ஒன்றுண்டு: இது மெய்யான திருமணமா, விசாவுக்காகச் செய்த திருமணமா?

அக்கேள்வியை முற்றாகப் பழிப்பதற்கில்லை. பணம் வாங்கிக்கொண்டு கடதாசிக் கலியாணம் முடித்தவர்கள் நம்மிடையே இல்லை என்று சொல்லத் துணியோம். ஆனால் அது கேட்கப்பட்ட விதத்துக்கு ஒரு கறைபடிந்த வரலாறு இருக்கிறது. 1979இல் இலண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில், மணம் முடிக்க வந்த இந்தியப் பெண்ணொருவர் கன்னித்தன்மைச் சோதனைக்கு உள்ளாக்கப்பட்டார். செய்தி பத்திரிகையில் வெளிவந்த பின்னரே அவ்வழக்கம் தடைசெய்யப்பட்டது. 1980களில், தம் மணத்தின் முதன்மை நோக்கம் குடியேற்றம் அன்று என்பதை வருபவரே நிறுவ வேண்டுமென்ற விதி அந்நாட்டில் இருந்தது. 1997இல்தான் அது நீக்கப்பட்டது. ஒரு மனிதன் தன் உள்ளத்தில் இல்லாத ஒன்றை இல்லையென்று எப்படி நிறுவுவான்?

நம் திருமண முறை அந்த அதிகாரிக்குப் புதிது. சாதகம் பார்த்து, பெரியோர் பேசி முடித்து, முதற் சந்திப்பே பெண்பார்த்தலாக அமைந்த மணத்தில், 'நீங்கள் எப்போது காதலிக்கத் தொடங்கினீர்கள்?' என்று கேட்டால் நம் பெண் என்ன சொல்வாள்? நாணத்தால் அவள் தலை குனிந்தால் அது ஐயத்துக்கு இடமாகலாம். அகதியாகச் சென்றவன் தாயகத்துக்குத் திரும்பினால் அவனுடைய புகலிட உரிமைக்கே ஆபத்து நேரலாம் என்பதால், மணமகளைச் சென்னைக்கோ திருச்சிக்கோ அழைத்துக் கோயிலொன்றில் தாலி கட்டுவோர் பலர். ஊரும் உறவும் திரளாத மணம். படத்தில் பத்துப் பேர் மாத்திரமே இருப்பர். அதையும் ஐயத்தோடு நோக்குகிறது கோப்பு. ஆகவே உரையாடலின் பதிவுகளும், பணம் அனுப்பிய சீட்டுகளும், இருவரும் கூடிநின்ற படங்களும் சான்றாக அடுக்கப்படுகின்றன. தலைவன் தலைவியிடையே நிகழ்ந்த கூற்றெல்லாம் தாளில் பதிந்து மூன்றாமவர் மேசைக்குப் போகின்றது.

வராத கோப்பு

கிளிநொச்சியில் வேறொரு காத்திருப்பும் உண்டு. அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடித்தால் நாம் அந்த ஊருக்கு உண்மையுடையவர் ஆகோம்.

2017 பெப்ரவரி 20ஆம் நாள், கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றிலில், காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அவர்களுள் மனைவியரும் இருந்தனர். அவர்களுடைய கணவன்மார் எந்த நாட்டிலும் இறங்கியதாகச் செய்தியில்லை. 2010ஆம் ஆண்டின் சட்டமொன்று, காணாமற்போனவரை இறந்தவராகப் பதிய வழி செய்தது. உயிரோடிருக்கலாம் என்று நம்புகிறவள் கணவனின் மரணத்துக்கு எப்படிக் கையொப்பமிடுவாள்? 2016இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆள் காணாமற்போயுள்ளார் என்பதற்கான சான்றிதழ் பெறலாம் என்று ஆயிற்று. சொத்துக்கும் உதவிக்கும் அது பயன்படும். மணத்தை அது முடித்துவைப்பதில்லை.

இத்தகைய பெண்ணொருத்தியை, அவளது துயரம் அறிந்த ஒருவன், கடலுக்கு அப்பாலிருந்து துணையாக ஏற்க விரும்புகிறான் என்று வைத்துக்கொள்வோம். படிவம் அவளிடம் கேட்கும்: முன்னைய மணம் எவ்வாறு முடிந்தது? மரணச் சான்றிதழா, மணமுறிவுத் தீர்ப்பா? இரண்டில் எதைக் கொடுத்தாலும் அவள் ஒரு மனிதனை இரண்டாம் முறை இழக்கிறாள். கொடுக்காவிட்டால் புதிய வாழ்வு இல்லை. அவளைக் குறைகூறும் தகுதி ஊரில் எவருக்கும் இல்லை. அவளுக்காக முடிவெடுக்கும் தகுதியும் எவருக்கும் இல்லை.

துணிவு யாருடையது?

இதுவரை சொன்னவற்றுள் நம் கைக்கு எட்டாதவை பல. பவுண் கணக்கை நாம் குறைக்க முடியாது. ஆனால் நம் கைக்குள் இருப்பது ஒன்று உண்டு. அது, புறப்படும் பெண்ணை ஒரு பொதியாக அனுப்புகிறோமா, பயணியாக அனுப்புகிறோமா என்பது.

வெளிநாட்டு மாப்பிள்ளை என்றதும் சீதனத்தின் தொகை ஏறுகிறது. அவருடைய சாதகத்தைப் பார்க்கிறோம். அவருடைய வதிவிட உரிமை எத்தகையது என்று கேட்பதில்லை. சட்டப்படி அவர் துணையை அழைக்கத் தகுதியுடையவரா, முன்னர் மணமானவரா, முன்னர் எவரையேனும் அழைத்தவரா என்று கேட்டால் சம்பந்தம் குழம்பும் என்று அஞ்சுகிறோம். ஸ்பொன்சரினால் வந்த ஒருவர் மறுமணம் செய்து புதிய துணையை அழைக்க ஐந்தாண்டுகள் பொறுத்திருக்க வேண்டும் என்று கனடாவில் 2012 முதல் விதி இருக்கிறது. இத்தகைய செய்திகளைத் தரகரிடம் கேட்டறிய முடியாது. கேட்கவேண்டியவள் அவள்; கேட்கும் மொழியை அவளுக்குக் கொடுக்க வேண்டியவர்கள் நாம்.

2012 ஒக்டோபரில் கனடா ஒரு நிபந்தனையைக் கொண்டுவந்தது. அதன்படி, குறுகிய கால உறவுடைய துணைவர்கள் இரண்டாண்டு சேர்ந்து வாழாவிடின் வந்தவரின் வதிவிட உரிமை போய்விடலாம். அடிபட்டும் வாய்திறக்க அஞ்சி வாழும் நிலைக்கு அது பெண்களைத் தள்ளுகிறது என்ற கண்டனம் எழுந்தது. 2017 ஏப்ரலில் அது நீக்கப்பட்டது. மணம் மெய்யாக நடந்ததாயின், பின்னர் அது முறிந்துவிட்டது என்பதனால் மட்டும் அங்கே நிரந்தர வதிவிட உரிமை அழிவதில்லை. இதை அறியாத பெண்ணை, 'உன்னைத் திருப்பி அனுப்பிவிடுவேன்' என்ற ஒரு சொல்லே ஆண்டுக்கணக்கில் அடக்கி வைத்துவிடும். அறிந்தவளிடம் அச்சொல் செல்லாது.

வன்னியின் ஆசிரியர்களுக்கு இங்கே ஒரு கடமை காத்திருக்கிறது. படிவத்தை வாசித்துச் சொல்லுமாறு உங்களிடமே அப்பெண்கள் வருகிறார்கள். அவர்களுள் பலர் உங்கள் பழைய மாணவியர். திருமணத்தைக் காலந்தாழ்த்தாது பதியச் சொல்லுங்கள். எல்லாப் பத்திரங்களிலும் பெயர் ஒரே எழுத்தில் அமைகிறதா என்று ஒப்பிட்டுக் கொடுங்கள். இரண்டாம் பிரதியை வேறொரு வீட்டில் வைக்கச் சொல்லுங்கள். பெட்டி தொலைந்த மண்ணில் அதன் அருமையை விளக்க வேண்டியதில்லை. படிவத்தில் பொய் எழுதத் தூண்டும் தரகனை விலக்கச் சொல்லுங்கள். இன்று எழுதிய பொய் பத்தாண்டு கழித்தும் எழுந்து வரும். கடவுச்சீட்டைத் தன் கையிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள். போகும் நாட்டின் மொழியைக் காத்திருக்கும் காலத்திலேயே கற்கச் செய்யுங்கள். விசா வருமட்டும் படிப்பையும் தொழிலையும் நிறுத்திவிட்டு வாசலைப் பார்த்திருக்கும் வழக்கத்தை மாற்றுங்கள். மறுமொழி மாதங்களிலும் வரலாம், ஆண்டுகளிலும் வரலாம், வராமலும் போகலாம். அவளுடைய இளமை அந்த அஞ்சலுக்காக நிற்பதில்லை.

பழைய பாட்டில் வழியிற் கண்டோர் செவிலிக்கு ஆறுதல் சொல்லுவர்: அவள் அஞ்சி ஓடியவள் அல்லள், தானே தேர்ந்து சென்றவள், ஆதலின் திரும்பிப் போ என்பர். கட்டுநாயக்க விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே, கிளிநொச்சியிலிருந்து வாடகை வானில் வந்த ஒரு தாய் நிற்கிறாள். மகள் உள்ளே போய்விட்டாள். அந்தத் தாயிடமும் நாம் அதே ஆறுதலைச் சொல்லக்கூடியவர்களாக இருக்க வேண்டும். அவள் அனுப்பப்பட்டவள் அல்லள், அறிந்து சென்றவள் என்று சொல்ல முடியுமானால், அந்தத் தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு வானில் ஏறுவாள். விடிவதற்குள் ஓமந்தை கடந்து வீடு சேருவாள்.